இரைச்சலில் பேச்சு: போனில் சோதிப்பதா, கிளினிக் அறையில் சோதிப்பதா?

வாசகர் கேள்விகள் – செவித்திறன் பகுதி

என் அப்பாவுக்கு 68 வயது. போனில் ஓர் இலவச ஆப்பில், இரைச்சலுக்கு நடுவே வரும் எண்களைக் கேட்டு அழுத்தும் சோதனையைச் செய்தார். 'செவித்திறன் குறைவு, மருத்துவரைப் பாருங்கள்' என்று வந்தது. பயந்துபோய் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர்) அழைத்துப்போனோம். அங்கே சவுண்ட் ப்ரூஃப் அறைக்குள் உட்காரவைத்துச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். 100-க்கு 96 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டையும் நம்பலாம். அவை கேட்ட கேள்வியே வேறு வேறு.

கிளினிக்கில் முதலில் பீப் ஒலிகளை வைத்து ஆடியோகிராம் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு சன்னமான ஒலி கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்திருப்பார்கள். அடுத்து, இரண்டு அசைச் சொற்களின் ஒலியைப் படிப்படியாகக் குறைத்து, பாதிச் சொற்களைத்தான் சரியாகச் சொல்ல முடிகிறது என்ற அளவைப் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் 30 முதல் 40 டெசிபெல் கூட்டி, 25 சொற்களைக் கொடுப்பது அடுத்த கட்டம். சொல்லுக்கு 4 மதிப்பெண். 96 என்றால் 24 சொல் சரி, ஒன்று தப்பு. சந்தடியே இல்லாத அறையில், தாராளமாகக் கூட்டிய ஒலியில் அவருக்குப் பேச்சு விளங்குகிறது என்பது அந்த மதிப்பெண்ணின் பொருள். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது விளங்குமா என்று அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

ஆப் கேட்டது அதைத்தான். 'ஐந்து, இரண்டு, எட்டு' என்று மூன்று எண்கள் இரைச்சலோடு வரும். மூன்றும் சரியாக அழுத்தினால் அடுத்த முறை பேச்சு 2 டெசிபெல் இறங்கும். ஒன்று தவறினாலும் 2 டெசிபெல் ஏறும். இப்படி இருபத்துச் சொச்சம் முறை போனபின், ஆரம்பத்துச் சிலவற்றைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். நெதர்லாந்தில் ஸ்மிட்ஸ் குழுவினர் 2004-ல் வெளியிட்ட முறை இது. வீட்டுத் தொலைபேசியிலேயே செய்துகொள்ளும்படி அமைத்திருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஹியர்டபிள்யூஎச்ஓ ஆப்பும் இதே வகைதான். நல்ல காது உள்ளவருக்கு, ஹெட்போனில் கேட்டால், பேச்சு இரைச்சலைவிட சுமார் 10 டெசிபெல் தாழ்ந்திருக்கும்போதும் பாதிக்குப் பாதி சரியாக வரும். அதை –10 என்று எழுதுவார்கள். எண் மேலே ஏற ஏறக் கேட்பது சிரமம் என்று பொருள்.

அப்பாவின் ஆடியோகிராமை எடுத்து 3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் இடங்களில் கோடு சரிகிறதா என்று பாருங்கள். வயதால் வரும் இழப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அங்கே இழப்பு வந்தால் மெய்யொலிகள்தான் முதலில் மங்கும். 'பட்டு', 'தட்டு', 'கட்டு' ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யெழுத்து மட்டும். அமைதியில் அது தப்பிப் பிழைக்கும், இரைச்சலில் முதலில் அடிபடும். அடுத்த முறை போகும்போது, 'இரைச்சலில் பேச்சுச் சோதனையும் செய்யுங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் செய்கிறார்கள்.

வீட்டுச் சோதனையில் வால்யூம் எவ்வளவு வைக்க வேண்டும்? சாலையோரக் கடையில் வாங்கிய இயர்போன்தான் இருக்கிறது. கணக்கு தப்பாதா?
– வாசகர், ஓசூர்

சோதனை எதை அளக்கிறது என்பதைப் பொறுத்தது. 'எத்தனை டெசிபெல்லில் கேட்கத் தொடங்குகிறது' என்று அளப்பதாக இருந்தால் கட்டாயம் தப்பும். ஒரே போனில் இயர்போனை மாற்றினாலே ஒலி அளவு மாறிவிடும். கிளினிக் கருவியை ஆண்டுதோறும் அளவு சரிபார்ப்பது அதனால்தான். இரைச்சலில் எண் கேட்கும் சோதனை அளப்பதோ இரண்டு ஒலிகளுக்கு இடையிலான விகிதம். வால்யூமைக் கூட்டினால் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தே கூடும், விகிதம் அப்படியே இருக்கும். எண்கள் சிரமமில்லாமல், காது வலிக்காமல் கேட்கும் அளவில் வைத்துவிட்டு, நடுவில் தொடாமல் இருந்தால் போதும்.

அறைச் சத்தம் விகிதத்தைக் கெடுக்கும், ஆனால் எவ்வளவு கெடுக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் காதில் விழும் அறைச் சத்தம் சோதனை இரைச்சலைவிட 15 டெசிபெல் குறைவாக இருந்தால் விடையில் பிழை 0.1 டெசிபெல்லைச் சற்றே தாண்டும். 10 குறைவாக இருந்தால் 0.4. இரண்டும் சமமாகிவிட்டால் 3 டெசிபெல் கெட்டுவிடும். நல்ல காதுக்கும் 'குறைவு' என்று முத்திரை விழ அது போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை காத்திருங்கள்.

போனின் 'அக்சஸிபிலிட்டி' அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று உண்டு. அதை அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காரணம் அடுத்த பதிலில்.

எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஆனாலும் ஆப் 'நல்லது' என்கிறது!
– வாசகர், தூத்துக்குடி

இரண்டு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் பழைய வகைச் சோதனையைச் செய்திருப்பீர்கள். அதில் நல்ல காது வேலையை முடித்துவிடும், கெட்ட காது கணக்கிலேயே வராது. சீழ், மெழுகு, செவிப்பறை ஓட்டை போன்றவற்றால் வரும் இழப்பையும் அது தவறவிடும். வால்யூமைக் கூட்டினால் அந்தக் குறை ஈடாகிவிடுகிறது.

இதற்காகவே பின்னாளில் எதிர்கட்ட வகை வந்தது. இரைச்சல் இரு காதிலும் ஒரேபோல இருக்கும். பேச்சின் ஒலியலை மட்டும் ஒரு காதில் தலைகீழாக்கப்பட்டிருக்கும். இரண்டு காதும் சரியாக இருந்தால் மூளை அந்த வேறுபாட்டைப் பிடித்துப் பேச்சைத் தனியே எடுத்துவிடும், விடை சுமார் 7 டெசிபெல் மேம்படும். ஒரு காது கெட்டிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது, குறை வெளிப்பட்டுவிடும். ஆனால் போன் 'மோனோ'வில் இருந்தால் இடதும் வலதும் கூட்டப்பட்டு, நேரான பேச்சும் தலைகீழான பேச்சும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காதில் விழுவது வெறும் இரைச்சல்தான். அப்போது யார் செய்தாலும் விடை படுமோசமாக வரும்.

செவியியல் இளநிலை இறுதியாண்டு மாணவி நான். ஆய்வுத் திட்டத்துக்காக, இரைச்சலில் பேச்சுச் சோதனையை ஒரே ஆட்களிடம் கல்லூரி ஆய்வகத்திலும் அவர்கள் வீட்டிலும் செய்து ஒப்பிட நினைக்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் ஒலியை அனுப்பலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?
– மாணவி, சென்னை

வீடியோ காலில் ஒலியை அனுப்பாதீர்கள். முதல் பள்ளம் அதுதான். கால் மென்பொருளின் வேலையே இரைச்சலைக் குப்பை என்று கருதி வடிகட்டுவது. நீங்கள் பாடுபட்டுக் கலந்த இரைச்சலை அது கழித்துவிட்டு, எதிர்முனையில் எண்களைப் பளிச்சென்று கேட்கவைக்கும். உங்களுக்கு –20 போன்ற நம்ப முடியாத விடைகள் வரும். 'ஒரிஜினல் சவுண்ட்' போன்ற வசதியைப் போட்டாலும், ஒலி அளவைத் தானே ஏற்றி இறக்கும் பழக்கமும் நெட் தடுமாறும்போது துண்டு விழுவதும் போகாது. ஒலிக் கோப்புகள் முழுவதும் பங்கேற்பாளரின் கருவியிலேயே இறங்கிய பிறகு சோதனை தொடங்கட்டும். வீடியோ காலை மேற்பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வேவ் (WAV) வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். இரைச்சலை நிலையாக வைத்துப் பேச்சை ஏற்றி இறக்குங்கள். பேச்சு இரைச்சலைவிட உயர்ந்திருக்கும் தொடக்கச் சுற்றுகளில் ஒலியலையின் உச்சி வெட்டுப்படாதபடி முன்கூட்டியே ஒட்டுமொத்த அளவைத் தாழ்த்தி வையுங்கள். இந்த வெட்டு அலைவடிவத்தைப் பார்த்தால் தெரியும், காதில் லேசான கரகரப்பாகத்தான் விழும். பலர் கவனிப்பதில்லை.

ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக் விழித்ததும் அது பாட்டுக் கேட்கும் நிலையிலிருந்து கால் பேசும் நிலைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய், உயர் அதிர்வெண்ணும் வெட்டுப்படும். விடையை வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்யும் சோதனையில் இது ஒவ்வொரு முறையும் நடக்கும். அவர்கள் விசைப்பலகையில் அழுத்தினால் இந்தச் சிக்கலும் இல்லை, எண்ணைத் தவறாகக் கேட்டு எழுதும் உங்கள் பிழையும் இல்லை. ஈக்வலைசர், 'சரவுண்ட்' போன்ற மெருகேற்றும் அமைப்புகளையும் அணைக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே ஹெட்போன் போட்டிருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? 2017-ல் உட்ஸ் குழுவினர் வெளியிட்ட எளிய வழி இருக்கிறது. 200 ஹெர்ட்ஸில் மூன்று ஒலிகள், எது மிகச் சன்னமானது என்று சொல்ல வேண்டும். ஒன்று நிஜமாகவே 6 டெசிபெல் குறைவு. இன்னொன்று இடது வலதில் தலைகீழானது. ஸ்பீக்கரில் கேட்பவருக்குத் தலைகீழானது காற்றிலேயே அழிந்து அதுதான் சன்னம் என்று தோன்றும், ஏமாந்துவிடுவார். 6 முறையில் 5 சரியென்றால் தேர்ச்சி. குருட்டாம்போக்கில் இதைத் தாண்டும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழ். 2021-ல் மில்ன் குழு, இரு காது இரைச்சலைச் சேர்த்தால் மட்டுமே கேட்கும் ஹகின்ஸ் சுருதியை வைத்து இன்னும் கறாரான சோதனை செய்தது. ஆனால் இவை இளைஞர்களிடம் செய்ததுபோல 70 வயதுக்காரரிடம் செல்லாது. செவிக்குறைபாடுள்ளவர் ஹெட்போன் போட்டிருந்தும் தோற்கலாம். தோற்றவரை எல்லாம் நீக்கினால், உங்களுக்கு மிகவும் தேவையான ஆட்களையே நீக்கிவிடுவீர்கள். அவர்களிடம் வீடியோ காலில் ஹெட்போனைக் கேமராவில் காட்டச் சொல்லி, 'இடது' 'வலது' என்று தனித்தனியே ஒலி அனுப்பிச் சரிபாருங்கள்.

இனி ஒப்பீடு. பாதிப் பேர் முதலில் ஆய்வகம், பாதிப் பேர் முதலில் வீடு என்று மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் பயிற்சியால் வரும் முன்னேற்றத்தை 'வீடு நல்லது' என்று எழுதிவிடுவீர்கள். எண் சோதனைக்கு ஒரு முழுச் சுற்று பயிற்சி போதும். ஐந்து சொல் வாக்கியம் கொண்ட மேட்ரிக்ஸ் வகைச் சோதனை என்றால் 20 வாக்கியம் கொண்ட இரண்டு பட்டியல் பயிற்சி தேவை. 1982-ல் ஸ்வீடனில் ஹேகர்மன் தொடங்கிய முறை அது. பெயர், வினை, எண், அடைமொழி, பொருள் என்ற ஐந்து இடங்களுக்குத் தலா 10 சொற்கள், மொத்தம் 1,00,000 வாக்கியங்கள் வரும். 50 சொற்களும் மனதில் படியும்வரை விடை மேம்பட்டுக்கொண்டே போகும்.

கடைசியாக, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண், உச்சம் 1) 0.9 வந்துவிட்டது என்று மகிழாதீர்கள். வீட்டு விடை எல்லோருக்கும் சரியாக 2 டெசிபெல் மோசம் என்றாலும் கெழு 1 வரும். ஒவ்வொருவரின் இரண்டு விடைகளுக்கும் வித்தியாசம் எடுத்து, அதன் சராசரியும் பரவலும் காட்டுங்கள். அதோடு ஆய்வகத்திலும் இரண்டு முறை அளந்து வையுங்கள். ஆய்வகம் ஆய்வகத்தோடு எவ்வளவு முரண்படுகிறது என்று தெரியாமல், வீடு எவ்வளவு முரண்படுகிறது என்று சொல்வதில் பயனில்லை.

ஆறு மாதம் முன் சொல் சோதனையில் 80. இப்போது 64. காது கெட்டுக்கொண்டு வருகிறதா?
– வாசகர், ஈரோடு

25 சொற்கள்தானே? அப்படியானால் இந்த இறக்கத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நாணயம் சுண்டுவதுபோல இதிலும் தற்செயல் உண்டு. உண்மைத் திறன் 80 என்று இருப்பவருக்கு 25 சொல் பட்டியலில் விடை 8 புள்ளி அளவுக்கு அங்குமிங்கும் ஆடும். இரண்டு சோதனைகளுக்கு இடையே 22 புள்ளி வரையிலான வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். 50 சொல் என்றால் அது 16-க்குக் குறையும். தார்ன்டன், ராஃபின் என்ற இருவர் 1978-லேயே இதற்கு அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பல கிளினிக்குகளில் அதை யாரும் திறப்பதில்லை.

இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள்: இரண்டு முறையும் பதிவுசெய்த சொற்களா, அல்லது ஆடியாலஜிஸ்ட் மைக்கில் நேரடியாகச் சொன்னதா? நேரடிக் குரலில் ஆள் மாறினால் சோதனையே மாறிவிடும். ஒருவர் 'ழ'வைத் தெளிவாகச் சொல்வார், இன்னொருவர் அவசரத்தில் விழுங்குவார். சவுண்ட் ப்ரூஃப் அறை இருக்கிறது என்பதாலேயே அந்த அளவீடு துல்லியம் ஆகிவிடாது. பதிவுசெய்த சொற்களை ஒழுங்காக ஓட்டும் ஒரு வீட்டுச் சோதனை, அவசரமாகச் சொல்லப்படும் 10 சொல் நேரடிச் சோதனையைவிட நம்பத் தகுந்தது.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆங்கில எண் சோதனையில் மதிப்பெண் குறைவாக வந்தது. அதை நம்பலாமா?
– வாசகர், கும்பகோணம்

நம்ப வேண்டாம். 'ஃபைவ்', 'நைன்' ஆகியவற்றை அமைதியில் அறிந்திருப்பதும் இரைச்சலில் பிரித்துக் கேட்பதும் ஒன்றல்ல. வாக்கியச் சோதனையைவிட எண் சோதனையில் மொழி குறைவாகவே குறுக்கிடும், ஆனால் இல்லாமல் போகாது.

எண்களை வாய்மொழியில் பதிவு செய்து கலந்துவிட்டால் தமிழ்ச் சோதனை ஆகிவிடாது. 'ஒம்பது' மூன்று அசை, 'எட்டு', 'ஆறு' எல்லாம் இரண்டு. நீளத்தை வைத்தே ஒன்பதைக் கண்டுபிடித்துவிடலாம். டச்சுக்காரர்கள் தொடக்கத்தில் ஓரசை எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு 7, 9 இரண்டையும் விட்டது இதே சிக்கலுக்காகத்தான். 'நாலு', 'ஆறு' இரண்டிலும் ஓங்கி ஒலிப்பது ஆகாரம். மெய் தேய்ந்தால் ஒன்றை மற்றதாகக் கேட்கலாம். ஆகவே ஒவ்வொரு எண்ணும் எந்த இரைச்சலில் பாதிப் பேருக்கு விளங்குகிறது என்று அளந்து, கடினமானதைச் சற்று ஏற்றி, எளியதைச் சற்று இறக்கிச் சமப்படுத்த வேண்டும். இரைச்சலையும் அதே குரலின் சராசரி அதிர்வெண் வடிவத்தில் செய்ய வேண்டும். பிறகு நல்ல காதுள்ள தமிழர்களிடம் சோதித்து அளவுகோல் நிர்ணயிக்க வேண்டும். ஆங்கிலத்தின் –10-ஐத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு ஆப் முடிவைக் காட்டலாமா?
– வாசகர், விழுப்புரம்

முடியாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சு அதிர்வெண்களில் இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பைக் காது கேளாமை என்றும், 60 முதல் 70 வரையை செவித்திறன் குறைவு என்றும் வரையறுக்கிறது. இது விகிதமல்ல, முழு அளவு. அளவு சரிபார்த்த கருவியும், தேவைப்பட்டால் மறு காது குறுக்கிடாதபடி அதற்குக் கொடுக்கும் மாஸ்கிங் ஒலியும் வேண்டும்.

ஐந்து வயது மகனுக்கு வீடியோவில் பேச்சுச் சோதனை செய்கிறார்கள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கோவை

நான்கு படத்தில் ஒன்றைத் தொடும் வகை என்றால் வசதி. சொல்பவரின் முகம் திரையில் தெரியக் கூடாது. குழந்தைகள் உதட்டைப் பார்த்தே பாதி விடை சொல்லிவிடுவார்கள். நீங்கள் அவன் பின்னால் உட்காருங்கள், சொல்லை உதட்டசைவாலும் திருப்பிச் சொல்லாதீர்கள். தவறாகத் தொட்டால் முகம் சுளிக்கவும் கூடாது.

மகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட். ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் போய்வருவது சிரமம். வீட்டில் சோதிக்க வழி உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

உண்டு. ஆம்ஸ்டர்டாமில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் அறுவைசிகிச்சையால் பொருத்தும் செவிக்கருவி) வைத்திருக்கும் பெரியவர்களிடம் ஒப்பிட்டார்கள். ஒலியை டேப்லெட்டிலிருந்து நேரே பிராசஸருக்கு (இம்ப்ளான்டின் வெளியே மாட்டும் பகுதி) கொடுத்து, சொற்களையும் இரைச்சலில் எண்களையும் வீட்டில் தாமே சோதித்துக்கொண்டதற்கும் கிளினிக்கில் சோதித்ததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. உங்கள் மகள் தானே எண்ணை அழுத்தும் வயது என்றால் முயலலாம்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. நேரடியாக ஒலி அனுப்பும்போது பிராசஸரின் மைக் இன்னும் திறந்தே இருக்கலாம். கலப்பு விகிதத்தை அனுப்பும் ஒலிக்கு முழுவதும் மாற்றாவிட்டால் வீட்டுச் சத்தமும் உள்ளே வரும். அப்படி மாற்றினாலோ மைக் சோதனைக்கு வெளியே போய்விடும். மைக் துவாரத்தில் வியர்வையும் தூசியும் அடைத்து வகுப்பில் கேட்காமல் தவித்தாலும், வீட்டு மதிப்பெண் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். எனவே மாதம் ஒருமுறை மானிட்டர் இயர்போனை பிராசஸரில் செருகி மைக்கை நீங்களே கேட்டுப்பாருங்கள். மைக் உறை மாற்றும் மாடல் என்றால், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். வீட்டு மதிப்பெண் நன்றாக இருந்தும் பள்ளியில் புகார் வந்தால், முதலில் மைக்கைச் சந்தேகிக்க வேண்டும். மேப்பிங்குக்கு (பிராசஸரின் அமைப்பை அவளுக்கேற்பச் சரிசெய்வது) சென்னை போவதை அதன் பிறகு யோசியுங்கள்.